அந்த அம்மாள் பேசிய ஒரே இடம்

எங்கள் வாசகர் வட்டம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும். இடம், ஒரு பழைய நிட்டிங் கம்பெனியின் மாடி. கீழ்த்தளத்தில் இருந்த மிஷின்கள் போய், இப்போது நூல் மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, அவ்வப்போது கரகரக்கும் ஒரு மைக். அதை எங்களுக்குச் சும்மா விட்டிருந்தவர் கம்பெனியின் உரிமையாளர், அறுபதைத் தாண்டியவர். தொழிலைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டபோது, பழைய மாடி நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று சாவியைக் கொடுத்தாராம். கூட்டங்களுக்கு மட்டும் அவர் வந்ததில்லை.

நான் அந்த வட்டத்தில் மதிப்புரை பேசுகிறவர்களில் ஒருத்தி. கல்யாணமாகித் தெற்கிலிருந்து திருப்பூருக்கு வந்தவள். ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் அனுப்புவது, சாம்பிளை விரட்டுவது, ஷிப்மெண்ட் தேதிக்காக எல்லோரிடமும் கெஞ்சுவது என்று பகல் போய்விடும். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் பஸ்ஸிலும்தான் படிப்பு. கூட்டத்தில் பேசியதை எழுதிக் கொடுத்தால் வட்டத்தின் சிற்றிதழில் போடுவார்கள். மதிப்புரை எழுதும் பழக்கம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

இந்த ஊர் நூல் வெளியீடுகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். வாழ்த்துரை, பாராட்டுரை, பொன்னாடை, கடைசியில் ஏற்புரை. அழைப்பிதழில் ‘மதிப்புரை’ என்று போட்டிருக்கும் ஆளும் வாழ்த்திவிட்டுத்தான் இறங்குவார். அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரில் உப்பில்லை என்று யார் சொல்வார்கள்? ஆனால் அந்தப் பேச்சை நம்பிப் புத்தகத்தை வாங்கிப் போகிற ஒருவர் வீட்டில் போய் அதைப் பிரிப்பார். அவரும் அதே கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். என் கண் அவர்மேல் போய்விடுவது எனக்கு ஒரு சங்கடம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வட்டத்தின் அமைப்பாளர் போன் செய்தார். பட்டன், ஜிப், லேபிள் விற்கும் கடை வைத்திருப்பவர் அவர். ஆளும் பேச்சும் மென்மை.

“ஏனுங்க மேடம், நம்ம இடத்துக்காரர் ஒரு புஸ்தகம் போட்டிருக்காருங்க. அவரு சம்சாரத்தைப் பத்தி. போன வருசந்தான் தவறுனாங்க. அடுத்த கூட்டத்துல அறிமுகம் பண்ணிரலாமுங்க. நீங்கதான் பேசோணும்.”

“நான் வேண்டாம் சார். இந்த மாதிரி புத்தகத்துக்கு வேற யாராவது பேசுறதுதான் நல்லது.”

“இல்லீங்க, அவரே உங்களைச் சொல்லித்தான் கேட்டாரு. நம்ம இதழ்ல நீங்க எழுதறதைப் படிக்கறாராமா.”

என் மதிப்புரைகளைப் படித்தவர், நான் எப்படி எழுதுவேன் என்று தெரிந்தே கேட்கிறார் என்றால் மறுப்பதற்குக் காரணம் இல்லை. புத்தகத்தைத் தன் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார் அமைப்பாளர்.

வழவழத்த தாளில் அச்சிட்ட கனமான புத்தகம். அட்டையில் அந்த அம்மாளின் புகைப்படம். பட்டுப்புடவை, மூக்குத்தி, எங்கோ பார்க்கும் கண்கள். முதல் தடவை படிக்கும்போது நான் பென்சில் எடுப்பதில்லை. கையில் பென்சில் இருந்தால் கண் குறையைத் தேட ஆரம்பித்துவிடும். பஸ்ஸில் இரண்டு மூன்று நாள் படித்தேன். பாதிக்குமேல் அவருடைய தொழிலின் கதை. வாடகைக்கு எடுத்த முதல் மிஷின், முதல் எக்ஸ்போர்ட் ஆர்டர், மின்வெட்டு, ஆள் பற்றாக்குறை. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் மனைவி வருவார். தெய்வம், குலவிளக்கு, பொறுமையின் வடிவம், அன்னலட்சுமி. வந்து நிற்பார், அத்தியாயம் முடிந்துவிடும்.

முடிவுக்குக் கொஞ்சம் முந்திய ஓர் அத்தியாயம் வேறு மாதிரி இருந்தது. பக்கவாதம் வந்து மனைவிக்கு ஒரு கை விழுந்து, பேச்சும் போய்விடுகிறது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் கணவர் அவருக்குத் தலை பின்னக் கற்றுக்கொள்கிறார். அந்தப் பக்கங்களைப் படித்தபோது நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி அனுப்பர்பாளையம் வரை போய்விட்டேன். அங்கேயிருந்து திரும்பி நடந்து வந்தேன்.

இரண்டாம் தடவை பென்சிலோடு படித்தேன். அப்போதுதான் ஒன்று உறுத்தியது. பேச்சு போய்விட்டது என்று அவர் எழுதியிருந்த இடம் என்னை அசைக்கவில்லை. ஏன் என்று முன்பக்கங்களைப் புரட்டினேன். அந்த அம்மாள் புத்தகத்தில் பேசவே இல்லை. சிரிக்கிறார், சமைக்கிறார், நகையைக் கழற்றிக் கொடுக்கிறார், விளக்கேற்றுகிறார். வாய் திறப்பதில்லை. ‘ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை’ என்று குறித்துக்கொண்டேன். அப்படி அடித்துச் சொல்வதற்கு முன் சரிபார்க்க வேண்டும் என்று மறுபடி முதலிலிருந்து பக்கம் பக்கமாகத் தேடினேன். ஓர் இடம் இருந்தது. மின்வெட்டு அத்தியாயத்தில், கணவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது வந்து எழுப்புகிறார்: “வெளிய லாரி வந்திருக்குதுங்க.” அவ்வளவுதான். அதனால் ‘ஒரே ஓர் இடத்தில் பேசுகிறார்’ என்று திருத்தினேன்.

எழுத உட்கார்ந்தபோது கஷ்டமாக இருந்தது. மனைவியை இழந்த மனிதர் ஒருவர் எழுதிய புத்தகத்தில் குறை சொல்வது அவருடைய துக்கத்தில் குறை சொல்வது போல ஆகிவிடலாம். துக்கத்துக்கு மதிப்புரை கிடையாது. அச்சில் வந்த பக்கங்களுக்குத்தான் உண்டு. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்வதற்கே இரண்டு மூன்று முறை எழுதிக் கிழிக்க வேண்டியிருந்தது. ஒரு வரைவில், ‘இந்த நூலில் அம்மையார் இரண்டு முறை பேச்சை இழக்கிறார், முதல் முறை நோயால் அல்ல’ என்று ஒரு வாக்கியம் விழுந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கூட்டத்தில் சொன்னால் கைதட்டு விழும் என்பதும் தெரிந்தது. அந்தக் கைதட்டு யாருடைய செலவில் என்று யோசித்துவிட்டு அடித்தேன். அந்த இடத்தில் சாதாரணமாக எழுதினேன்: ‘நோய்க்குப் பிறகு அம்மாவின் பேச்சு நின்றுபோனதாக நூல் சொல்கிறது. அதற்கு முந்திய பக்கங்களில் அவர் பேசிக் கேட்டிருந்தால், என்ன நின்றுபோனது என்று நமக்கும் தெரிந்திருக்கும்.’ அச்சுப்பிழைகள் நிறைய இருந்தன. அவற்றைப் பேச்சில் சேர்க்காமல், அவரிடம் தனியாகக் கொடுத்துவிடலாம் என்று வைத்துக்கொண்டேன்.

அமைப்பாளர் முன்கூட்டிப் படித்துப் பார்க்கக் கேட்டார். இதழுக்கு அவர்தான் ஆசிரியர் என்பதால் அனுப்பினேன். அன்று மாலையே கூப்பிட்டார்.

“நல்லா இருக்குதுங்க. ஆனா அந்தக் கடைசிப் பகுதி… சித்த மெதுவாச் சொல்லலாமுங்களா?”

“மெதுவாத்தான் சார் சொல்லியிருக்கேன். இன்னும் மெதுவாச் சொன்னா சொல்லாத மாதிரிதான்.”

“அவரு எடத்துல ஒக்காந்துக்கிட்டுப் பேசறமுங்களே.”

“அதனாலதான் நான் வேண்டாம்னேன். இப்பவும் வேற ஆளைப் போடுங்க, எனக்கு வருத்தம் இல்ல. நான் பேசுறதா இருந்தா இதைத்தான் பேச முடியும்.”

போனில், அவர் கடையில் யாரோ ஜிப்புக்கு நிறம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு, “சரிங்க, நீங்களே பேசுங்க. வாறதைப் பாத்துக்கலாமுங்க,” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்துவிட்டது. வழக்கமாக வரும் எங்களைவிட அவருடைய உறவினர்கள் அதிகம். முன்வரிசையில் அவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய ஒரே மகள். கோவையில் பல் மருத்துவர் என்று அறிமுகம் செய்தார்கள். மூன்று பேர் வாழ்த்திப் பேசி முடித்தபின் என்னைக் கூப்பிட்டார்கள்.

தலை பின்னும் அத்தியாயத்திலிருந்து தொடங்கினேன். அதைப் பற்றிச் சொல்வதைவிட அதையே வாசித்துவிடுவது நல்லது என்று பட்டது. அவர் இப்படி எழுதியிருந்தார்: ‘பின்னல் என்றால் எனக்கு மிஷின்தான். முடியை மூன்றாகப் பிரிக்கச் சொன்னார் நர்ஸ். நடுவில் இருப்பது எப்போது ஓரத்துக்குப் போகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டேன். கோணலாக வந்தது. அவள் கண்ணாடியைக் கேட்கவில்லை.’

மகள் குனிந்துகொண்டார். இப்படி எழுதத் தெரிந்தவர் மற்ற இடங்களில் ஏன் ‘குலவிளக்கு’ என்று எழுதிவிட்டு நகர்கிறார் என்று கேட்டேன். பிறகு அந்த அம்மாள் பேசாததைப் பற்றிச் சொன்னேன். லாரி வந்ததைச் சொல்லும் அந்த ஒரு வரியைக் குறிப்பிட்டு, அது மிக இயல்பாக இருக்கிறது, அதுபோல இன்னும் நாலு இடம் இருந்தால் நாம் அவரை நேரில் பார்த்திருப்போம் என்றேன். தொழில் கதையைப் பற்றியும் கொஞ்சம் பேசிவிட்டு முடித்தேன்.

கைதட்டு ஒன்றிரண்டு கேட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் உரக்கவே சொன்னார்:

“ஊட்டுக்காரியப் பறிகுடுத்துட்டு நிக்கறவன்கிட்டப் பேசற பேச்சுங்களா இது?”

அமைப்பாளர் எழுந்து அவரைச் சமாதானப்படுத்தினார். ஏற்புரைக்கு வந்த நூலாசிரியர் கையில் வைத்திருந்த தாளைப் பிரித்தார், மடித்தார். “எல்லாருக்கும் நன்றிங்க. சாப்புட்டுட்டுப் போங்க,” என்றார். போய் உட்கார்ந்துவிட்டார். அச்சுப்பிழைகளைக் குறித்த தாள் என் பையிலேயே இருந்துவிட்டது. அன்றைக்கு அதைக் கொடுப்பதற்கு யாருக்கும் மனம் வராது.

சில நாளில் கம்பெனி மேனேஜர் வந்து மாடியில் நூல் இறக்கவேண்டியிருக்கிறது என்று சொல்லிச் சாவியை வாங்கிப் போனார். அடுத்த கூட்டத்தை ஒரு டியூஷன் சென்டரின் அறையில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து நடத்தினோம். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. தேநீர் நேரத்தில் என் பக்கத்தில் நிற்கிறவர்கள் மட்டும் குறைந்திருந்தார்கள். அமைப்பாளர் என் மதிப்புரையை ஒரு வரி மாற்றாமல் இதழில் போட்டார். அதற்காக அவரிடமும் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

இதழ் வந்த வாரம் அந்த மகள் போன் செய்தார். அப்போது தையல் லைனில் ஒரு ஃபேப்ரிக் பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து பேசினேன்.

“நீங்க சொன்னது சரிதானுங்க,” என்றுதான் ஆரம்பித்தார். “எங்கம்மாவுக்கு வாயே ஓயாது. காலைல எந்திரிச்சதுல இருந்து பேச்சுத்தான். புஸ்தகத்துல யாரோ ஒரு அம்மா இருக்கறாங்க. ஆனா எல்லாத்து முன்னாடியும் வெச்சு நீங்க அதைச் சொல்லியிருக்க வேண்டாமுங்க. அப்பாகிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாம்.”

“புத்தகம் எல்லார் முன்னாடியும் வந்துட்டுதே. வாங்கிப் படிக்கிறவங்களுக்கும் நான் பதில் சொல்லணும்ல.”

“எங்கப்பாவுக்கு ஆரு பதில் சொல்றது?”

பதிலுக்குக் காத்திருக்காமல் போனை வைத்துவிட்டார். கோபமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. சரி என்று ஒப்புக்கொண்டே வருத்தப்பட்டார். அதை எதிர்கொள்வதுதான் கடினமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்த சமயம், நூலாசிரியரே கூப்பிட்டார். “நாந்தானுங்க அம்மிணி. ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வர முடியுங்களா? கடைக்காரரையும் கூட்டிட்டு வாங்க.” அமைப்பாளரைத்தான் அவர் கடைக்காரர் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அமைப்பாளரும் நானும் போனோம். வீடு திருமுருகன்பூண்டியைத் தாண்டி இருந்தது. ஞாயிறு என்றும் பாராமல் வழிநெடுகச் சிற்பிகள் கல் கொத்திக்கொண்டிருந்தார்கள். வண்டியில் வந்த எங்கள்மேல் வெள்ளையாகத் தூசி படிந்துவிட்டது.

மகளும் வந்திருந்தார். காப்பி கொடுத்தார். நூலாசிரியர் சுற்றிவளைக்கவில்லை.

“எனக்குக் கோவமுங்க. பொய் சொல்லக் கூடாது. சாவியை வாங்குனதும் அந்தக் கோவத்துலதான். பொறகு நீங்க சொன்ன மாதிரி எழுதிப் பாத்தனுங்க. வரமாட்டேங்குது. பேனாவத் தொட்டா அவ சாமியாப் போயிடறா.”

“அவங்க எப்படிப் பேசுவாங்க? எழுத வேண்டாம், சும்மா சொல்லுங்களேன்,” என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். மகள், “அந்த வெள்ளக்காரர் சாப்பாட்டைச் சொல்லுங்கப்பா,” என்றார்.

வெளிநாட்டு பையர் ஒருவர் முதல்முதலாக வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கிறார். முந்தின சீசனில் விலையைக் கறாராகக் குறைத்தவர். இவர் சமையற்கட்டுக்குள் போய் எல்லாம் ஆயிற்றா என்று கேட்டிருக்கிறார். அவர் மனைவியின் குரலை எடுத்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் நொடித்துச் சொன்னார்:

“‘ஏனுங்க, போன தடவை வெலையக் கொறச்சது இந்தாளுதானுங்களே? இவனுக்கு எதுக்குங்க பாயசம்? ரசத்தோட நிறுத்திக்கலாம் போங்க’ன்னா.”

அமைப்பாளர் காப்பி சிந்தும்படி சிரித்தார். மகள் குறுக்கிட்டார்.

“ரசம்னு சொல்லலீங்கப்பா. மோரோட நிறுத்திக்கலாம்னாங்க.”

“ரசந்தான் கண்ணு.”

“மோருப்பா. நான் பக்கத்துல நின்னனே. அப்பறம் பாயசத்தை ஊத்திட்டு, ‘ஆர்டரப் பெருசாக் குடுடா சாமி’ன்னு சிரிச்சுக்கிட்டே தமிழ்லயே சொன்னாங்க. அவரு தேங்க் யூன்னாரு.”

அதற்குப் பிறகு இருவரையும் நிறுத்த முடியவில்லை. மிஷினுக்கு எண்ணெய் விடத் தெரிந்தவருக்குத் தன் தலைக்கு எண்ணெய் வைக்கத் தெரியாதா என்று கேட்டது, டிவியில் அழும் பெண்ணைப் பார்த்து எழுந்து வேலைக்குப் போகச் சொன்னது, மகள் கல்லூரிக்குப் போன அன்று ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு மறுநாள் போனில் முழுக்கவும் திட்டியது. ஒவ்வொன்றுக்கும் வார்த்தை எது என்று தகராறு. அரை மணி நேரத்தில் அந்த அம்மாளை எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

“இதுல பாதியை எழுதினாலே போதும் ஐயா,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “அச்சுல வேண்டாமுங்க அம்மிணி. அவ பேசுனதெல்லாம் ஊட்டுக்குள்ள. வாசப்படியத் தாண்டுனா வாயத் தொறக்கமாட்டா. விசேசத்துக்குப் போனாக் கூட ஒரு ஓரமா ஒக்காந்துக்குவா. ஊருக்கு அப்பிடித்தான் அவளத் தெரியும். நான் இப்ப எப்பிடி அவளக் கொண்டுபோயி ஊருக்கு முன்னால பேச வெக்கறது?”

இதை நான் யோசித்திருக்கவில்லை. எழுதத் தெரியாமல் விட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். சில இடங்களில் அதுவும் உண்மைதான். ஆனால் இந்தக் காரணமும் இருந்திருக்கிறது. புத்தகத்தில் அது இல்லாததால் எனக்குத் தெரிய வழியில்லை. என் மதிப்புரையை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. “நீங்க இப்ப சொன்னீங்களே, இதையாவது எழுதியிருக்கலாமே,” என்று மட்டும் சொன்னேன். அவர் அமைப்பாளரிடம் ஜிப் வியாபாரத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். கிளம்பும்போது அச்சுப்பிழைத் தாளைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவுங்களா?” என்றார்.

மாடிச் சாவி அடுத்த வாரமே திரும்ப வந்தது. எங்கள் முழங்கால்கள் பிழைத்தன.

மனைவியின் திதிக்கு உறவினர்களுக்குக் கொடுப்பதற்காக அவர் புத்தகத்தை மறுபடி கொஞ்சம் அச்சிட்டார். எனக்கும் ஒன்று வந்தது. பிழைகள் பெரும்பாலும் திருத்தப்பட்டிருந்தன. குலவிளக்கும் அன்னலட்சுமியும் அப்படியே இருந்தார்கள். புத்தகத்தின் தொடக்கத்தில் புதிதாக அரைப் பக்கம் சேர்த்திருந்தார். ‘என் மனைவி வீட்டுக்குள் நிறையப் பேசுவாள். எங்களைச் சிரிக்க வைப்பாள், திட்டுவாள். வெளியில் பேசமாட்டாள். அதனால் இந்தப் புத்தகத்திலும் அவள் பேசவில்லை. அந்தப் பேச்சு எனக்கும் என் மகளுக்கும் உரியது. நோயில் அது நின்றபோது எங்கள் வீடு நின்றுவிட்டது.’

அந்த அரைப் பக்கத்துக்குப் பிறகு புத்தகத்தை மறுபடி படித்தேன். அந்த அம்மாள் வந்து நிற்கும் இடங்களிலெல்லாம் இப்போது ஏதோ சொல்லிவிட்டுத்தான் வந்து நிற்கிறார் என்று தோன்றியது. இதழுக்குச் சின்னதாக ஒரு குறிப்பு எழுதினேன். புதிய பதிப்பில் முன்னுரை சேர்ந்திருப்பதையும், குறை என்று நான் எழுதியதை இப்போது ஆசிரியரின் முடிவாகப் படிக்க முடிகிறது என்பதையும், மற்ற கருத்துகளில் மாற்றமில்லை என்பதையும் சொன்னேன். அதைப் படித்துவிட்டு மகள்தான் போன் செய்தார்.

“எனக்கு அந்த அரைப் பக்கம் பத்தாதுங்க,” என்றார். “எங்கம்மா பேசற புஸ்தகம் வேணும். அப்பா எழுதமாட்டாரு. நான் எழுதலாம்னு இருக்கறேன். பேசுனதுல பாதி எனக்கும் சொந்தந்தானுங்களே?”

“எழுதுங்க. ஆனா மதிப்புரைக்கு எனக்கு அனுப்பாதீங்க. இப்ப உங்க ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். நான் சரியாப் பேசமாட்டேன்.”

“அப்ப ஆரைக் கேக்கறதுங்க?”

எங்கள் வட்டத்தில் புதிதாகப் பேச ஆரம்பித்திருக்கும் ஒரு பேராசிரியையைச் சொன்னேன். கொஞ்சம் கறாரானவர் என்றும் சொன்னேன். மகள் எண்ணைக் குறித்துக்கொண்டு, ரசமா மோரா என்று அப்பாவிடம் இன்னும் முடிவாகவில்லை என்றார்.